ஓதம் ஏறும்போது ஒரு பதில், வற்றும்போது ஒரு பதில்

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "மண்ணைத் தோண்டி மோந்து பார்க்கிற வேலை" என்பேன். உண்மையில் மோந்து பார்க்கவே கூடாது, அதுதான் பாதுகாப்பு விதி. ஆனால் ஆறு மீட்டர் ஆழத்திலிருந்து மண்ணோடு வந்த பிளாஸ்டிக் உறையை நீளவாக்கில் கீறித் திறக்கும்போது வாடை நம்மிடம் அனுமதி கேட்டுக்கொண்டா வருகிறது? பாச்சை உருண்டை வாடை அடித்தால் அது நிலக்கரித் தார். பெட்ரோல் வாடை அடித்தால் எங்கோ ஒரு தொட்டி ஓட்டை. அழுகிய முட்டை வாடை என்றால் பெரும்பாலும் பழைய சதுப்புச் சேறு, அது ஆலைக்கு முன்பிருந்தே அங்கே இருப்பது.

கொஞ்ச காலமாக எனக்கு வாய்க்கிற இடங்கள் எல்லாம் ஒரே ரகம். நீர்க்கரையில் ஒருகாலத்தில் ஆலை இருந்து, அதை மூடி, புதர் மண்டி, இப்போது யாரோ ஒருவருக்கு அங்கே அடுக்குமாடியோ பூங்காவோ கட்டலாம் என்று தோன்றிய நிலம். வாங்குவதற்கு முன் மண்ணும் நிலத்தடி நீரும் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதானே, நாலு இடத்தில் துளை போடு, மண் எடு, தண்ணீர் எடு, லேபுக்கு அனுப்பு, வருகிற எண்ணைச் சட்டத்தில் இருக்கிற எண்ணோடு ஒப்பிடு என்றுதான் முதல் இரண்டு வருடம் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைக் கலைத்தது தண்ணீர். அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் மண்.

நீர்க்கரை ஆலை நிலத்தில் மேலே கிடப்பது பெரும்பாலும் இயற்கையான மண்ணே கிடையாது. கரையை வெளியே தள்ளி இடம் பிடிப்பதற்காக, கைக்கு அகப்பட்டதையெல்லாம் கொட்டி நிரப்பியிருப்பார்கள். கொதிகலன் சாம்பல், உலைக் கசடு, செங்கல் உடைசல், நீர்வழியை ஆழப்படுத்தும்போது வாரிய சேறு, பக்கத்து ஆலையின் கழிவு, எல்லாம் இருக்கும். ஒரு துளையில் மூன்று மீட்டர் வரை கறுப்புச் சாம்பல் வரும், பத்தடி தள்ளி அடுத்த துளையில் சுத்தமான மணல் வரும். வயலில் நாலு மூலையில் மண் எடுத்தால் நடுவில் என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். இங்கே முடியாது. எந்த லாரி எந்த நாளில் எங்கே கவிழ்த்தது என்பதைப் பொறுத்தது அது. சாம்பலில் ஆர்செனிக்கும் ஈயமும் இருக்கும் என்பதால், ஆலையே எதையும் சிந்தாமல் இருந்திருந்தாலும் அந்த நிலம் மாசுபட்டதுதான். இதை நிலத்துக்காரருக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அதனால் துளைபோடும் வண்டி வருவதற்கு முன் நான் அதிக நேரம் செலவழிப்பது காகிதத்தில். பழைய நில வரைபடங்கள், தீக்காப்பீட்டுக்காக வரைந்த ஆலை வரைபடங்கள், வான்வழிப் படங்கள். காப்பீட்டு வரைபடத்தைப் போல உண்மை பேசும் காகிதம் வேறில்லை, ஏனென்றால் எது எரியும், எங்கே இருக்கிறது என்பதை மறைத்தால் பணம் வராது. எண்ணெய்த் தொட்டி, கொதிகலன் அறை, வண்ணக் கிடங்கு எல்லாம் அதில் அடையாளம் போட்டு இருக்கும். படத்தில் பெரிய வட்டங்கள் தெரிந்தால் என் வயிறு கொஞ்சம் கலங்கும். அவை எரிவாயு சேமித்த தொட்டிகளாக இருக்கலாம், அப்படியானால் பக்கத்தில் எங்கோ நிலக்கரியைச் சூடாக்கி வாயு எடுத்திருக்கிறார்கள், தார் நிச்சயம்.

காகிதத்தைவிட ஒரு படி மேல், அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஒருமுறை ஒரு பெரியவரை நிலத்துக்குக் கூட்டிப்போனேன். எண்பது வயதுக்கு மேல். வரைபடத்தை விரித்துக் காட்டி, "ஐயா, எண்ணெய்த் தொட்டி இங்கேதானே இருந்தது?" என்று கேட்டேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு பழைய தூணிலிருந்து காலடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்து, ஒரு புதருக்கு முன் நின்று, "படத்துல இருக்கிறது ரெண்டாவது தொட்டி தம்பி. முதல் தொட்டி ஒழுக ஆரம்பிச்சதும் அதை எடுக்கல, மண்ணைப் போட்டு மூடிட்டு அந்தப் பக்கம் புதுசு வச்சாங்க. அது இன்னும் இங்கதான் கெடக்கு" என்றார். அதற்கு முன் நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடாரை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் இழுத்துக்கொண்டு அலைந்திருந்தோம். உப்புநீர் ஊறிய மண்ணில் ராடார் அலை உள்ளே போகாது, படம் முழுக்க ஒரே மூட்டம். அவர் காட்டிய இடத்தில் தோண்டினோம், இரண்டே கால் மீட்டரில் இரும்பு. "சனிக்கிழமையானா தார்க் குழிய வழிச்சுக் கரைப்பக்கம் தள்ளுவோம், அதுக்குக் கூலி தனி" என்று போகிற போக்கில் அவர் சொன்ன இன்னொரு வரிக்காக அடுத்த மாதம் ஆறு துளை கூடுதலாகப் போட்டேன். ஆறில் ஐந்தில் தார் இருந்தது.

தார் என்றால் சாலைக்குப் போடுகிற தார் மாதிரி கெட்டியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மண்ணுக்குள் அது எண்ணெய் போல நகரக்கூடியது, தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அதனால் நிலத்தடி நீருக்குள் மூழ்கி, களிமண் அடுக்கு எதிர்ப்படும் வரை இறங்கி, அந்தக் களிமண் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் போகும். தண்ணீர் வடக்கே ஓடினாலும் தார் தெற்கே போகலாம். உலோகத்தில் பிசுக்கு எடுக்கப் பயன்பட்ட ட்ரைகுளோரோஎத்திலீன் இன்னும் மோசம், தண்ணீரைப் போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு அடர்த்தி. பெட்ரோலும் டீசலும் நேர்மாறு, மேலே மிதக்கும். ஆனால் நீர்க்கரையில் தண்ணீர் மட்டம் தினமும் ஏறி இறங்குவதால் மிதக்கிற எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி, சுவரில் மட்டப்பலகை வைத்துப் பூசியது போல ஒரு மீட்டர் தடிமனுக்கு மண்ணில் அப்பிக்கொள்ளும். கிணற்றில் (துளைக்குள் குழாய் இறக்கி வைக்கிற கண்காணிப்புக் கிணற்றைச் சொல்கிறேன்) எண்ணெய் தென்படவில்லை என்று யாராவது சொன்னால், எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

பழைய எரிவாயு ஆலை நிலத்தில் என்னை இன்னும் ஆச்சரியப்படுத்துவது நீலம். வாயுவைச் சுத்தம் செய்ய இரும்பு ஆக்சைடு பூசிய மரச்சீவல்களுக்குள் விடுவார்கள், அது கந்தகத்தையும் சயனைடையும் பிடித்துக்கொள்ளும், பிடித்து முடிந்ததும் சீவல்களை வெளியே கொட்டிவிடுவார்கள். தோண்டும்போது பளிச்சென்று ஊதா கலந்த நீலத்தில் வரும், ஓவியர்கள் பயன்படுத்துகிற பிரஷ்யன் நீலமேதான். அமிலத் தன்மையுள்ள மண்ணில் அது பாட்டுக்குக் கிடக்கும், சுலபமாகக் கரையாது. காரத் தன்மை ஏறினால் கரையத் தொடங்கும். சரி, இந்த மாதிரி இடத்தில் எல்லோரும் முதலில் என்ன செய்கிறார்கள்? பழைய கட்டடத்தை இடித்து, கான்கிரீட் உடைசலை மேலேயே பரப்புகிறார்கள். கான்கிரீட்டில் மழை இறங்கினால் கீழே போகிற தண்ணீர் காரம். நல்ல எண்ணத்தில் செய்கிற காரியம்தான்.

துளை போடுவதிலும் அப்படி ஒரு வினை இருக்கிறது. மேலே தார், கீழே களிமண், அதற்கும் கீழே சுத்தமான மணலும் நல்ல தண்ணீரும் இருந்தால், ஆழத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆர்வத்தில் களிமண்ணைக் குத்திவிட்டால் தாருக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி. அதனால் பெரிய குழாயை முதலில் களிமண்ணுக்குள் கொஞ்சம் இறக்கி, சுற்றிலும் சிமெண்ட்டும் பென்டோனைட் களிமண்ணும் ஊற்றி இறுக விட்டு, அதற்குள்ளிருந்து சின்னத் துளையாகக் கீழே போக வேண்டும். ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆகும். இந்த மூன்று நாளைச் செலவுக் கணக்கில் பார்த்ததும் "கட்டாயம் தேவையா?" என்று ஒரு கேள்வி வரும், ஒவ்வொரு முறையும் வரும்.

இனி தண்ணீர்.

நிலத்தடி நீர் உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கு ஓடும். என்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் டிஜோன் நகரக் குடிநீர் வேலைக்காக மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டு அளந்து, 1856-இல் எழுதி வைத்த விதியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: மட்டச் சரிவு எவ்வளவு, மண் எவ்வளவு தண்ணீர் விடும், குறுக்குப் பரப்பு எவ்வளவு, இந்த மூன்றையும் பெருக்கினால் ஓட்டம். மேசை நிற்க மூன்று கால் வேண்டும் என்பது போல, ஓடுகிற திசை தெரியக் குறைந்தது மூன்று கிணறு வேண்டும். நாங்கள் ஒன்பது போட்டிருந்தோம். ஒரு நாள் காலையில் ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒவ்வொரு கிணறாக நாடா இறக்கி, பத்தரைக்குள் அளந்து முடித்து, அன்று மாலையே வரைபடம் போட்டேன். அம்புக்குறி எல்லாம் கரையிலிருந்து உள்பக்கம், பக்கத்து நிலத்தை நோக்கிக் காட்டியது. அதை அப்படியே அனுப்பியும் விட்டேன். அடுத்த வாரம் பக்கத்து நிலத்துக்காரர் வக்கீலோடு வந்து நின்றார்.

நான் அளந்தது ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறிக்கொண்டிருந்த மூன்றரை மணி நேரம். கணக்கைப் பாருங்கள். இந்த மாதிரி தட்டையான நிலத்தில் இயல்பான மட்டச் சரிவு நூறு மீட்டருக்கு இருபது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளியே கடல் இரண்டு மீட்டர் ஏறி இறங்கினால், கரைச்சுவரை ஒட்டிய கிணறு அரை மீட்டராவது ஆடலாம், நூறு மீட்டர் உள்ளே தள்ளியிருக்கிற கிணறு அசையவே அசையாது. ஆக, ஏற்றத்தில் அளந்தால் கரைக்கிணறு உயரமாகத் தெரியும், தண்ணீர் உள்ளே வருகிறது என்பீர்கள். வற்றத்தில் அளந்தால் தண்ணீர் வெளியே பாய்கிறது என்பீர்கள், அதுவும் உண்மையைவிட வேகமாக. இரண்டும் அந்தந்த நேரத்துக்குச் சரி. மாசு வருடக்கணக்கில் எந்தப் பக்கம் போகிறது என்ற கேள்விக்கு இரண்டுமே பதில் இல்லை.

அப்புறம் கிணறுகளில் தானாகப் பதிவு செய்யும் லாகர்களை இறக்கினோம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் 12 மணி 25 நிமிடம், அதனால் ஒரு நாள் சராசரி போதாது, தினமும் ஐம்பது நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். மூன்று நாளாவது தொடர்ந்து எடுத்து, அந்த ஆட்டத்தை வடிகட்டி, சராசரி மட்டம் கண்டுபிடிக்க வேண்டும். அதிலும் முதல் தடவை காற்றழுத்தத்தைக் கழிக்க மறந்தேன். குழாய் வழியாக வெளிக்காற்றோடு தொடர்பில்லாத லாகர் தண்ணீரின் எடையோடு வானத்தின் எடையையும் சேர்த்தே காட்டும், காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் ஒரு சென்டிமீட்டர் போய்விடும். அது போக உப்பு. கடல்நீர் கனமானது, பத்து மீட்டர் கடல்நீர்த் தூண் 10.25 மீட்டர் நன்னீருக்குச் சமம். நம் சரிவே இருபது சென்டிமீட்டர்தான், உப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால் பிழை மட்டும் இருபத்தைந்து. எல்லாம் திருத்திப் போட்டதும் அம்புக்குறிகள் திரும்பின. தண்ணீர் கரையை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து நிலத்துக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஆனால் அந்த லாகர் பதிவில் எதிர்பாராத ஒன்று கிடைத்தது, இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். சுவரிலிருந்து ஒரே தூரத்தில் இருந்த இரண்டு கிணறுகளில், ஒன்று கடல் ஏறிய நாலு மணி நேரம் கழித்துச் சோம்பலாகக் கொஞ்சம் ஏறுகிறது, இன்னொன்று அரை மணி நேரத்தில் துள்ளுகிறது. ஒரே மண், ஒரே தூரம். அப்படியென்றால் இரண்டாவது கிணற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஏதோ நேர்வழி இருக்கிறது. சுவர் ஓட்டையா, பழைய குழாயா? தோண்டிப் பார்த்தால் செங்கல் வளைவு கட்டிய ஒரு பழைய வடிகால், எந்த வரைபடத்திலும் இல்லாதது, ஆலையிலிருந்து நேராகக் கரைக்கு. உள்ளே பாதி உயரத்துக்குத் தார். முதலில் என்னை ஏமாற்றிய அதே ஓதம்தான் இதையும் காட்டிக்கொடுத்தது.

மாதிரி எடுக்கும் நாளையும் அதற்கு அப்புறம் கடிகாரம் பார்த்துத்தான் வைக்கிறேன். கரையோரக் கிணறு என்றால் வற்றத்துக்குப் பக்கத்தில், அப்போதுதான் கிணற்றுக்குள் வருவது நிலத்திலிருந்து வெளியேறுகிற தண்ணீர். ஏற்றத்தில் எடுத்தால் பாதி கடல் கலந்து எண் அழகாகக் குறையும். பம்பை நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் என்ற அளவில் மெல்ல ஓடவிட்டு, பி.எச்., உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் எல்லாம் தொடர்ந்து மூன்று அளவுகளில் நிலையாக வரும் வரை காத்திருக்க வேண்டும். வாளி மாதிரி சட்டென்று முகந்தால் கலங்கல் வரும், கலங்கலோடு மண்ணில் ஒட்டியிருக்கிற தாரும் வரும், தண்ணீரில் இல்லாத மாசைத் தண்ணீர்க் கணக்கில் எழுதிவிடுவோம். பென்சீன் மாதிரி ஆவியாகிறவற்றுக்கு 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பி, விளிம்புக்கு மேலே தண்ணீர் புடைத்து நிற்கும் வரை ஊற்றி மூடி, தலைகீழாகத் தட்டிப் பார்க்க வேண்டும், ஒரு குமிழி தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. மழையில், கையுறையோடு. லேபிலிருந்து வரும்போதே சுத்தமான தண்ணீர் நிரம்பிய ஒரு குப்பியும் ஐஸ் பெட்டியோடு வரும், அதைத் திறக்காமல் அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். ஒருமுறை அந்தத் திறக்காத குப்பியிலேயே டொலுவீன் வந்தது. வண்டியில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஜெனரேட்டருக்கான பெட்ரோல் கேனை வைத்தது நான்தான். ஒரு நாள் மாதிரி முழுக்க வீண்.

லேப் தருகிற எண்ணும் நீர்க்கரையில் கொஞ்சம் விளையாடும். உலோகங்களை அளக்கிற கருவி ஆர்கான் வாயுவில் ஓடுகிறது, எது என்ன என்று நிறையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஆர்கான் அணுவின் நிறை 40, குளோரின் 35, இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75. ஆர்செனிக்கின் நிறையும் 75. உப்புத் தண்ணீரில் குளோரினுக்குப் பஞ்சமில்லை, ஆக இல்லாத ஆர்செனிக் இருப்பதாகக் கருவி சொல்லிவிடும். இதைப் பிரித்துக் காட்டும் வசதியுள்ள கருவிகள் உண்டு, ஆனால் மாதிரி உப்பு என்று நாம்தான் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். குடிநீரில் ஆர்செனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், பென்சீனுக்கும் அதே 10. இவ்வளவு சின்ன எண்ணில் கருவியின் குழப்பமே வரம்பைத் தாண்டிவிடும்.

ஒரு தடவை அளந்து நிம்மதியாகிவிடக் கூடாது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் டோக்கியோவின் டொயோசு. சுகிஜி மீன் சந்தையை அங்கே மாற்ற முடிவு செய்தார்கள், அந்த நிலமோ 1956-இல் எரிவாயு உற்பத்தி தொடங்கிய பழைய ஆலை நிலம், அதுவும் கடலைத் தூர்த்து உண்டாக்கியது. 2008-இல் அங்கே மண்ணில் பென்சீன் ஜப்பானின் வரம்பைப் போல் 43,000 மடங்கு என்று வந்தது. பெரிய செலவில் மண்ணை வாரி, தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் நடந்த கண்காணிப்பில் முதல் ஏழு சுற்று நல்லபடியாக வந்தது. ஒன்பதாவது சுற்றில், 2017 ஜனவரியில், நிலத்தடி நீரில் பென்சீன் வரம்பைப் போல் 79 மடங்கு. இதற்கு நடுவில், 2016-இல், முக்கியக் கட்டடங்களுக்கு அடியில் போட்டதாகச் சொன்ன சுத்தமான மண் அடுக்கு அங்கே இல்லவே இல்லை, வெற்று நிலவறைதான் இருக்கிறது என்று வேறு தெரியவந்தது. சந்தை கடைசியில் 2018 அக்டோபரில் திறந்தது. ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் என்ன மாறியது என்று அங்கே பலவாறாக வாதாடினார்கள். அதில் முக்கியமாக அடிபட்டது, இடையில் நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகள் ஓடத் தொடங்கியிருந்தன என்பது. எனக்கு அது புரிகிறது. அசையாமல் கிடந்த தண்ணீரை இழுத்தால், மூலையில் ஒதுங்கியிருந்ததும் சேர்ந்துதான் வரும்.

கரைச்சுவருக்கு வெளியே இருக்கிற சேற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதிவாகிவிடும். நியூயார்க்கின் கோவானஸ் கால்வாய் அடியில் கிடக்கிற சேற்றுக்கு அங்கே "கறுப்பு மயோனைஸ்" என்று பட்டப்பெயரே உண்டு, அதன் கரையிலும் மூன்று பழைய எரிவாயு ஆலைகள் இருந்தன. நிலத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டுச் சேற்றை விட்டாலும் தப்பு, சேற்றை வாரிவிட்டு நிலத்திலிருந்து கசிவதை அடைக்காமல் விட்டாலும் தப்பு. நிலம் ஒருவருக்குச் சொந்தம், தண்ணீருக்கு அடியில் இருப்பது வேறொருவர் பொறுப்பு என்பதால் இரண்டும் சேர்ந்து நடப்பது அபூர்வம்.

என் நிலத்துக்கு வருகிறேன். அறிக்கை இப்போது கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. வரைபடத்தில் தார் பரவியிருக்கிற எல்லையைச் சிவப்பில் வரைந்திருக்கிறேன். துளை போட்டு நிச்சயமாகத் தெரிந்த பக்கம் முழுக்கோடு. வடகிழக்கு மூலையில் ஒரு பழைய கிடங்கு இன்னும் நிற்கிறது, உள்ளே துளைபோடும் வண்டி போகாது, கூரை தாழ்வு, அதனால் அந்தப் பக்கம் மட்டும் புள்ளிக்கோடு போட்டு நடுவில் ஒரு கேள்விக்குறி வைத்தேன். புள்ளிக்கோடு பார்க்க நன்றாக இல்லை, வங்கிக்காரர்கள் கேள்வி கேட்கிறார்கள், முழுக்கோடாக மாற்றித் தர முடியுமா என்று இதுவரை மூன்று மின்னஞ்சல் வந்துவிட்டது. கிடங்கை இடிக்கிற தேதியைச் சொன்னால் மறுநாளே வண்டியோடு வருகிறேன் என்று மூன்றுக்கும் ஒரே பதிலைப் போட்டிருக்கிறேன்.